அமெரிக்காவில் எந்த வேலைக்கு எந்த அரசாங்கம்? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் நம்மில் பலருக்கும் அரசாங்கம் என்றால் வெள்ளை மாளிகைதான். செய்தியில் வருவது அதிபர், ஊரிலிருந்து போன் செய்பவர்கள் விசாரிப்பதும் அதிபரைப் பற்றித்தான். ஆனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, லைசென்ஸ் எடுப்பது, வீட்டு வரி கட்டுவது, குப்பை வண்டி வரவில்லை என்று புகார் சொல்வது, இது எதிலும் அதிபருக்கு வேலை இல்லை. இங்கே ஃபெடரல் என்று சொல்லப்படும் மத்திய அரசு ஒன்று, 50 மாநில அரசுகள், அவற்றுக்குக் கீழே கவுன்டி (பல ஊர்கள் சேர்ந்த வட்டாரம்), சிட்டி, பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு) என்று 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. மாநிலத்தின் கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் அவர் முதலமைச்சர். அதிபர் அவரை நியமிப்பதும் இல்லை, நீக்கவும் முடியாது.

அதனால் எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது யார் கையில் இருக்கிறது? இதைக் கேட்கப் பழகிவிட்டால் வீண் அலைச்சலில் பாதி குறையும், வீண் பயத்திலும் பாதி குறையும். பாடப்புத்தகங்கள் அதிபர், காங்கிரஸ் என்ற நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம் என்று மேலிருந்து ஆரம்பிக்கும். குடிவந்தவருக்கு அது சரிப்படாது. உங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆரம்பிப்போம்.

முதல் படி: உங்கள் முகவரிக்கு எத்தனை அரசாங்கம் என்று பாருங்கள்

டெக்சஸில் டாலஸுக்குப் பக்கத்தில் இர்விங் என்ற ஊர் இருக்கிறது. நம்மவர்கள் நிறைய பேர் குடியிருக்கும் இடம். அங்கே வீடு வாங்கிய ஒருவரின் சொத்து வரி விவரத்தை எடுத்துப் பாருங்கள். இர்விங் சிட்டிக்கு ஒரு தொகை, டாலஸ் கவுன்டிக்கு ஒரு தொகை, பார்க்லேண்ட் பொது மருத்துவமனைக்கு ஒரு தொகை, டாலஸ் காலேஜ் என்ற சமுதாயக் கல்லூரிக்கு ஒரு தொகை, எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் பள்ளி மாவட்டத்துக்கு ஒரு தொகை என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி அமைப்பு. தன் பங்கு வரியைத் தானே தீர்மானிக்கும் நிர்வாகக் குழு பெரும்பாலானவற்றுக்கு உண்டு.

இதில் பலரும் தடுமாறும் இடம் பள்ளி மாவட்டம். அதன் எல்லையும் சிட்டியின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. அதே இர்விங் சிட்டிக்குள் இர்விங் பள்ளி மாவட்டம் வரும் பகுதியும் உண்டு, கொப்பெல் பள்ளி மாவட்டம் வரும் பகுதியும் உண்டு, கேரல்டன்-ஃபார்மர்ஸ் பிராஞ்ச் மாவட்டம் வரும் பகுதியும் உண்டு. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு மாவட்டம், அந்தப் பக்கம் வேறு மாவட்டம் என்றுகூட அமையும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது முகவரியில் உள்ள ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பள்ளி மாவட்டத்தின் இணையதளத்துக்குப் போய் அந்தக் குறிப்பிட்ட முகவரியைத் தட்டிப் பாருங்கள். எந்தப் பள்ளி என்பதை அதுதான் சொல்லும்.

இன்னொன்று. முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயர் தபால் துறையின் வசதிக்காக வைத்தது. நீங்கள் அந்த ஊரின் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. எந்த சிட்டியிலும் சேராத பகுதிகள் நாடு முழுக்க இருக்கின்றன. அங்கே குடியிருந்தால் உங்களுக்கு மேயர் இல்லை, சிட்டி போலீஸ் இல்லை. சாலை கவுன்டியுடையது. அவசரத்துக்குக் கூப்பிட்டால் வருவது ஷெரிஃப் அலுவலக ஆட்கள். அந்த ஷெரிஃபும் பெரும்பாலான இடங்களில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். டெக்சஸ் போன்ற மாநிலங்களில் மாவட்ட அரசு வழக்கறிஞர், வரி வசூல் அதிகாரி, கவுன்டி கிளார்க், நீதிபதிகள் எல்லோருமே தேர்தலில் நின்று வருபவர்கள்தான். நம் ஊரில் கலெக்டரும் எஸ்.பி.யும் மேலிருந்து நியமிக்கப்பட்டு வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மனதில் பதியக் கொஞ்ச நாள் ஆகும்.

பெயர்களும் இடத்துக்கு இடம் மாறும். லூசியானாவில் கவுன்டிக்குப் பதிலாகப் பாரிஷ் என்பார்கள். கனெக்டிகட்டில் கவுன்டி அரசாங்கமே இல்லை, எல்லாம் டவுன்தான். ஆகவே வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பர் சொன்னதை அப்படியே உங்கள் ஊருக்குப் பொருத்தாதீர்கள்.

இரண்டாம் படி: வேலையை அலுவலகத்தோடு பொருத்துங்கள்

விசா, கிரீன் கார்டு, பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி எண், ஃபெடரல் வருமான வரி, தபால், விமான நிலையப் பாதுகாப்பு இவை ஃபெடரல். ஓட்டுநர் லைசென்ஸ், திருமண மற்றும் விவாகரத்துச் சட்டம், டாக்டர், நர்ஸ் போன்றவர்களின் தொழில் உரிமம், வாடகைச் சட்டம், அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம், பெரும்பாலான குற்றச் சட்டங்கள் இவை மாநிலம். திருமண உரிமம், சொத்துப் பத்திரப் பதிவு, உள்ளூர் நீதிமன்றம், சிறை, தேர்தல் நடத்துவது இவை பல மாநிலங்களில் கவுன்டி. தண்ணீர், குப்பை, வீட்டில் கூடுதல் கட்டுமானத்துக்கு அனுமதி இவை சிட்டி.

லைசென்ஸ் தரும் அலுவலகத்துக்கு எல்லா மாநிலத்திலும் ஒரே பெயர் கிடையாது. கலிஃபோர்னியாவில் டி.எம்.வி., டெக்சஸில் டி.பி.எஸ்., நியூ ஜெர்சியில் எம்.வி.சி., இல்லினாயில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம். டெக்சஸில் லைசென்ஸ் வாங்கிய இடத்தில் காருக்கு நம்பர் பிளேட் வாங்க முடியாது. அதற்குக் கவுன்டி வரி அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

ஒரே வேலையில் இரண்டு அரசாங்கங்கள் கைகோர்க்கும் இடங்கள்தான் சிக்கல். லைசென்ஸ் தருவது மாநிலம். ஆனால் உங்கள் விசா நிலையை அது ஃபெடரல் தரவுத்தளத்தில் சரிபார்க்கும். எனவே உங்கள் விண்ணப்பம் "சரிபார்ப்பில் இருக்கிறது" என்று நின்றால், கவுன்டரில் இருப்பவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. கோளாறு பல நேரம் ஃபெடரல் பதிவில் உங்கள் பெயர் எழுதப்பட்ட விதத்தில் இருக்கும். அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருப்பது, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஐ-94 என்ற நாட்டு நுழைவுப் பதிவில் ஒரு மாதிரி இருப்பது, இதெல்லாம் தமிழர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை. நாட்டுக்குள் நுழைந்த உடனேயே ஐ-94-ஐ இணையத்தில் எடுத்து, பெயரையும் தேதியையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து வையுங்கள். ஃபெடரல் தரத்துக்கு ஏற்ற அடையாள அட்டையான ரியல் ஐடியும் இதே ரகம்தான்: 2005-ல் காங்கிரஸ் போட்ட சட்டம், அட்டையை அச்சடித்துத் தருவது மாநிலம். உள்நாட்டு விமானப் பயணத்துக்கு 2025 மே 7 முதல் அமலுக்கு வந்தது. கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும் உள்நாட்டு விமானத்தில் ஏறலாம்.

குடிபெயர்ந்தவர்களை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடிய விஷயம் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியா, இல்லினாய், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் வயது வந்தவர்கள் கஞ்சா வாங்குவதும் பயன்படுத்துவதும் சட்டப்படி சரி. கடை வைத்து விற்கிறார்கள். ஆனால் ஃபெடரல் சட்டத்தில் அது இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள்தான். குடியேற்றம் முழுக்க ஃபெடரல் விஷயம். அதனால் மாநிலச் சட்டப்படி எந்தத் தப்பும் செய்யாத ஒருவர், விசா நேர்காணலிலோ கிரீன் கார்டு நேர்காணலிலோ பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டால் மறுக்கப்படலாம். குடியுரிமை விண்ணப்பத்திலும் இது சிக்கலாகும். அந்தக் கடைகளில் வேலை பார்த்ததுகூடப் பிரச்சினை ஆகலாம். கல்லூரிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். "இங்கே லீகல்தானே" என்ற ஒரு வார்த்தையை நம்பி எதிர்காலத்தை இழக்கக்கூடாது.

பள்ளி விஷயத்தில் நிலைமை நேர்மாறு. எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்பது பள்ளிச் சேர்க்கைக்குத் தேவையே இல்லை. குடியேற்ற நிலையைக் காட்டி ஒரு குழந்தைக்கு அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்கக்கூடாது என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் கேட்பது முகவரி ஆதாரமும், பிறந்த தேதி ஆதாரமும், தடுப்பூசிப் பதிவும்தான்.

மூன்றாம் படி: ஏன் இப்படிப் பிரித்து வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1787 கோடையில் பிலடெல்ஃபியாவில் கூடி எழுதியது இந்த அரசியலமைப்பு. 1789-ல் நடைமுறைக்கு வந்தது. ஓர் அரசனை எதிர்த்துப் போராடி வெளியே வந்தவர்கள் எழுதியது என்பதை நினைவில் வைத்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். யார் கையிலும் முழு அதிகாரம் போய்ச் சேரக்கூடாது என்பதுதான் அவர்களின் கவலை. மூலப் பகுதியில் 7 பிரிவுகள்தான். இந்திய அரசியலமைப்பைப் பார்த்தவர்களுக்கு இது சிறு துண்டுப் பிரசுரம்போலத் தெரியும். ஒரே மாலையில் படித்துவிடலாம். இத்தனை ஆண்டுகளில் 27 திருத்தங்கள் மட்டுமே. திருத்துவது அவ்வளவு கடினம்: காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அப்புறம் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 38 மாநிலங்கள், ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஃபெடரல் அரசுக்கு என்னென்ன அதிகாரம் என்று அரசியலமைப்பு பட்டியல் போட்டுக் கொடுக்கிறது. அதற்குக் கொடுக்காத, மாநிலங்களுக்கும் மறுக்காத அதிகாரங்கள் எல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது 10-வது திருத்தம். இந்தியாவில் பட்டியலில் வராத அதிகாரம் மத்திய அரசுக்குப் போகும். இங்கே மாநிலத்துக்குப் போகிறது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் இவ்வளவு மாறுவதற்குக் காரணம் இதுதான். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, ஆரிகனில் விற்பனை வரி கிடையாது, நெப்ராஸ்காவின் சட்டமன்றத்தில் ஒரே அவைதான்.

ஃபெடரல் அரசுக்குள்ளும் மூன்று கிளைகள். சட்டம் இயற்ற காங்கிரஸ், நிறைவேற்ற அதிபர், விளக்கம் சொல்ல நீதிமன்றம். நாடாளுமன்ற முறையில் வளர்ந்த நமக்கு இதில் புரியாமல் போவது ஒன்று உண்டு. இங்கே அதிபர் காங்கிரஸின் உறுப்பினர் இல்லை. அவருடைய அமைச்சர்களும் உறுப்பினர்கள் இல்லை. இருந்தால் பதவியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்று கிடையாது, ஆட்சி கவிழாது, காங்கிரஸைக் கலைக்கவும் முடியாது. அதிபர் ஒரு கட்சி, காங்கிரஸ் வேறு கட்சி என்று நான்கு ஆண்டும் ஓடலாம். அதிபரை நீக்க வேண்டுமானால் காங்கிரஸின் கீழவை பெரும்பான்மையோடு குற்றம் சாட்டி, மேலவையான செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தண்டிக்க வேண்டும். இதுவரை எந்த அதிபரும் அந்த வழியில் பதவி இழந்ததில்லை.

கீழவையில் 435 பேர், இரண்டாண்டுப் பதவி, மக்கள்தொகைப்படி இடங்கள். கலிஃபோர்னியாவுக்கு 52 இடம், வயோமிங்குக்கு ஒன்று. செனட்டில் 100 பேர், ஆறாண்டுப் பதவி, மாநிலத்துக்கு இரண்டு. கிட்டத்தட்ட 4 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் 6 லட்சத்தைத் தொடாத வயோமிங்குக்கும் அதே இரண்டுதான். இது நியாயமா என்று 1787-லேயே சண்டை போட்டு, அந்தச் சண்டையில் வந்த சமரசம்தான் இந்த ஏற்பாடு. சண்டை இன்னும் முடியவில்லை.

நான்காம் படி: ஒரு மசோதாவைப் பின்தொடர்ந்து பாருங்கள்

"மசோதா நிறைவேறியது" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே கொண்டாட வேண்டாம். நம்மவர்கள் நன்றாக அறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது.

வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது காங்கிரஸ் போட்ட சட்டம். இந்தியர்களின் நீண்ட காத்திருப்புக்கு இது முக்கியக் காரணம். இந்த உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலை 10-ல் கீழவையில் 365-க்கு 65 என்ற வாக்கில் நிறைவேறியது. இரு கட்சியினரும் சேர்ந்து ஆதரித்தார்கள். இனி ஒன்றும் தடையில்லை என்று பலரும் நினைத்தார்கள்.

செனட்டில் அதன் இணை மசோதாவை, யாரும் ஆட்சேபிக்காவிட்டால் விவாதமின்றி நிறைவேற்றும் முறையில் கொண்டுபோனார்கள். அந்த முறையில் ஒரே ஒரு செனட்டர் எழுந்து ஆட்சேபித்தால் போதும், மசோதா நின்றுவிடும். அப்படியே நின்றது. ஒருவரைச் சமாதானப்படுத்த ஒரு மாற்றம், இன்னொருவருக்காக வேறொரு மாற்றம் என்று பேசிப் பேசி, கடைசியில் 2020 டிசம்பர் 2-ல் செனட் தன் வடிவத்தை நிறைவேற்றியது. ஆனால் அதற்குள் அது கீழவை நிறைவேற்றிய மசோதா இல்லை. இரு அவைகளும் ஒரே வாசகத்தை, ஒரு சொல் மாறாமல், நிறைவேற்றினால்தான் அதிபரின் மேசைக்குப் போகும். இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் 2021 ஜனவரி 3-ல் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது. மசோதா காலாவதி. புதிய காங்கிரஸில் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இரு அவைகளும் ஒப்புக்கொண்டும் ஒரு சட்டம் பிறக்காமல் போன கதை இது. காத்திருந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட வலி என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சாதாரண வழியில் கொண்டுவந்தாலும் செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகப் பெரும்பாலும் 60 வாக்கு வேண்டும். அதிபர் நிராகரித்தால் அதை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இனி ஏதாவது மசோதா பற்றிக் கேள்விப்பட்டால், காங்கிரஸின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் அதன் எண்ணைத் தேடுங்கள். குழுவில் கிடக்கிறதா, எந்த அவையில் நிறைவேறியது, கையெழுத்தானதா என்று ஒரே வரியில் தெரிந்துவிடும். பெரும்பாலானவை குழுவிலேயே கிடக்கும்.

ஐந்தாம் படி: செய்தி வந்தால் அது சட்டமா, விதியா, ஆணையா, தீர்ப்பா என்று பிரியுங்கள்

சட்டம் காங்கிரஸ் போடுவது. எச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஆண்டுக்கு 65 ஆயிரம், அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு இன்னும் 20 ஆயிரம் என்பது சட்டம். அதை அதிபர் தன் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது.

விதி, துறைகள் போடுவது. எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் மனைவியோ கணவனோ வேலை பார்க்கலாம் என்பது சட்டம் இல்லை, விதி. 2014-ல் முன்மொழிந்து, பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, 2015 மே 26 முதல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமலாக்கியது. எச்-1பி-காரருக்குக் கிரீன் கார்டின் ஒரு கட்டம் தாண்டியிருந்தால்தான் பொருந்தும். அடுத்து வந்த நிர்வாகம் அதை நீக்கப்போவதாக அறிவித்தது; நீக்கவும் முறைப்படி முன்மொழிவு, கருத்துக் கேட்பு என்று எல்லாம் செய்தாக வேண்டும், அது முடியவில்லை. இன்னொரு பக்கம், காங்கிரஸ் கொடுக்காத அதிகாரத்தைத் துறை எடுத்துக்கொண்டது என்று வழக்கு. 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. இந்த ஒரு விதியில் மூன்று கிளைகளும் வந்துவிட்டன. பத்தாண்டுகள் எத்தனையோ குடும்பங்கள் இதைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தன.

ஆணையும் பிரகடனமும் அதிபர் கையெழுத்துப் போட்டு வெளியிடுவது. வேகமாக வரும், வேகமாக மாறும், உடனே வழக்கும் வரும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்று வந்தது அப்படிப்பட்ட பிரகடனம். முதல் நாள் ஏற்பட்ட பீதியில் ஊரிலிருந்து அவசரமாக விமானம் பிடித்துத் திரும்பியவர்கள் உண்டு. ஏற்கெனவே விசா வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. தலைப்புச் செய்தியைப் படித்த உடனே டிக்கெட் போடாதீர்கள். யாருக்குப் பொருந்தும், எந்தத் தேதியிலிருந்து என்ற இரண்டையும் பார்த்துவிட்டு, வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தீர்ப்பு நீதிமன்றத்தினுடையது. காங்கிரஸின் சட்டமே அரசியலமைப்புக்கு முரணானால் செல்லாது என்று சொல்லும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் 1803-லிருந்து வைத்திருக்கிறது. ஒன்பது நீதிபதிகள், ஆயுட்காலப் பதவி. நீதிமன்றம் எப்போதும் நம் பக்கம் நிற்கும் என்று எண்ண வேண்டாம். 1923-ல் பகத் சிங் தின்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில், இந்தியர்கள் அன்றைய சட்டப்படி குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அதே நீதிமன்றம் சொன்னது. குடியுரிமை பெற்றிருந்தவர்கள் பலரும் அதை இழந்தார்கள். அதை மாற்றியது 1946-ல் காங்கிரஸ் போட்ட சட்டம்; அதிலும் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர்தான். 1965-ல் வந்த குடியேற்றச் சட்டம்தான் கதவை அகலத் திறந்தது. இன்று நாம் இங்கே இருப்பதற்கு அந்தச் சட்டம் வர வழி வகுத்த கறுப்பின மக்களின் சிவில் உரிமை இயக்கத்துக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அரசு முடங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும். அதற்குள் செலவுக்கான மசோதா நிறைவேறாவிட்டால் ஃபெடரல் அலுவலகங்கள் பலவும் மூடப்படும். 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாள் நீடித்தது. குடியேற்ற அலுவலகம் பெரும்பாலும் விண்ணப்பக் கட்டணத்தில் நடப்பதால் ஓடும். தொழிலாளர் துறை மூடினால் எச்-1பி-க்கு முன் வாங்க வேண்டிய சான்று நின்றுவிடும். 2013-ல் அப்படித்தான் ஆனது. உங்கள் பிள்ளையின் பள்ளியும், சிட்டி தண்ணீரும், மாநில லைசென்ஸ் அலுவலகமும் வழக்கம்போல நடக்கும்.

ஆறாம் படி: குடிமகன் இல்லாவிட்டாலும் உங்களுக்குள்ள உரிமைகள்

முதல் பத்துத் திருத்தங்கள் 1791-ல் வந்தவை. பேச்சு, மதம், பத்திரிகை, கூட்டம் கூடுவது எல்லாம் அதில் உண்டு. நான்காவது திருத்தம் காரணமின்றிச் சோதனை போடுவதைத் தடுக்கிறது. ஐந்தாவது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-ல் வந்த 14-வது திருத்தம் சட்டத்தின் முன் சமப் பாதுகாப்பைத் தருகிறது. முக்கியமானது என்னவென்றால், உரிய சட்ட நடைமுறையும் சமப் பாதுகாப்பும் குடிமக்களுக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை. எந்த நபருக்கும் என்று எழுதப்பட்டிருக்கிறது.

நடைமுறையில்: போலீஸ் கதவைத் தட்டினால், நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கலாம். கைது செய்தால் வழக்கறிஞர் வரும்வரை பேச மாட்டேன் என்று சொல்லலாம். காரை நிறுத்தினால் இறங்காமல், கை தெரியும்படி ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள், எந்தச் சூழலிலும்.

வரி அலுவலகம் என்று சொல்லி போனில் மிரட்டி கிஃப்ட் கார்டு வாங்கச் சொல்பவன் மோசடிக்காரன். உண்மையான வரித்துறை பெரும்பாலும் முதலில் தபாலில்தான் கடிதம் அனுப்பும்.

ஏழாம் படி: ஓட்டு விஷயத்தில் மிக மிகக் கவனம்

லைசென்ஸ் அலுவலகத்தில் படிவத்திலோ கணினித் திரையிலோ "வாக்காளராகப் பதிவு செய்ய விரும்புகிறீர்களா" என்று ஒரு கேள்வி வரும். 1993-ல் வந்த சட்டத்தால் பெரும்பாலான மாநிலங்களில் இதைக் கேட்கிறார்கள். வரிசையில் பின்னால் ஆள் நிற்கும் அவசரத்தில் ஆமாம் என்று தட்டிவிடாதீர்கள். விசாவில் இருந்தாலும் கிரீன் கார்டில் இருந்தாலும் நீங்கள் சொல்ல வேண்டிய பதில் "இல்லை" என்பதுதான். குடிமகன் என்று தவறாகச் சொல்லிக்கொண்டால் கிரீன் கார்டும் குடியுரிமையும் கிடைக்காமல் போகலாம், நாடு கடத்தவும் படலாம். தெரியாமல் செய்தேன் என்பது பல நேரம் எடுபடுவதில்லை. ஆங்கிலம் அதிகம் பழகாத அப்பா அம்மாவைக் கூட்டிப்போனால் பக்கத்தில் நின்று படித்துப் பாருங்கள்.

ஜூரி சேவைக்கு, அதாவது நீதிமன்ற வழக்கில் முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார, அழைப்புத் தபால் வந்தாலும் கிழித்துப் போடாதீர்கள். குடிமகன் இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டுத் திருப்பி அனுப்புங்கள். அத்துடன் முடிந்தது.

தேர்தல் நன்கொடையும் அப்படித்தான். கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்குப் பணம் கொடுக்கலாம். விசாவில் இருப்பவர் ஃபெடரல், மாநிலம், உள்ளூர் என்று எந்தத் தேர்தலுக்கும் கொடுக்கக்கூடாது. கோயிலிலோ சங்கத்திலோ உண்டியல் போடச் சொன்னாலும் யாருக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அதிபர் தேர்தலைச் சுருக்கமாகச் சொன்னால்: மாநிலங்களுக்கும் வாஷிங்டன் டி.சி.க்கும் சேர்த்து அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகள் 538, வெல்ல 270. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற இடங்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர் வாக்குகளும். அதனால்தான் 2000-த்திலும் 2016-லும் நாடு முழுக்கக் குறைவாக ஓட்டு வாங்கியவர் அதிபரானார். இந்தியத் தேர்தல் ஆணையம்போல நாட்டுக்கே ஒரே அமைப்பு தேர்தலை நடத்துவதில்லை. மாநிலங்களும் கவுன்டிகளும் நடத்துகின்றன.

எட்டாம் படி: ஓட்டு இல்லாமலே செய்யக்கூடியவை

இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை என்பதுதான் என் வருத்தம். உங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கு உள்ளூரில் ஓர் அலுவலகம் இருக்கும். ஒரு தொகுதியில் சராசரியாக 7.6 லட்சம் பேர். அந்த அலுவலகத்தில் தொகுதி மக்களின் ஃபெடரல் சிக்கல்களைக் கவனிப்பதற்கென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள். கிரீன் கார்டு விண்ணப்பம் வழக்கமான கால அளவைத் தாண்டி அசையாமல் கிடக்கிறதா, வரி ரீஃபண்ட் வரவில்லையா, பாஸ்போர்ட் தாமதமா, அங்கே போய்க் கேளுங்கள். பொதுவாக அவர்கள் பார்ப்பது நீங்கள் தொகுதியில் வசிக்கிறீர்களா என்பதைத்தான். ஓட்டுரிமை உண்டா என்று கேட்பதில்லை. உங்கள் விவரங்களைப் பார்க்க அனுமதி தரும் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். ரசீது எண், தேதிகள், இதுவரை வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சுருக்கி எழுதிக் கொடுங்கள். அவர்களால் முடிவை மாற்ற முடியாது, வரிசையைத் தாண்ட வைக்கவும் முடியாது. ஆனால் துறையிடமிருந்து ஒரு பதிலை வரவைக்க முடியும்; பதில் இல்லாமல் தவிப்பவருக்கு அதுவே பெரிய உதவி. மாநில லைசென்ஸ் பிரச்சினையோடு அங்கே போகாதீர்கள். அதற்கு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம் இருக்கிறது.

ஃபெடரல் துறைகள் புதிய விதியை முன்மொழியும்போது இணையத்தில் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் ஒட்டுவதைவிட, அந்த விதி உங்கள் குடும்பத்தை எப்படிப் பாதிக்கும் என்று சொந்த வார்த்தையில் எழுதிய ஒரு கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

சிட்டி கவுன்சில் கூட்டத்துக்கும் பள்ளி வாரியக் கூட்டத்துக்கும் போங்கள். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். பள்ளிப் பேருந்து நிறுத்தம், நடைபாதை, நூலகத்தில் தமிழ்ப் புத்தகம், தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை என்று நாம் கேட்க வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. வாஷிங்டனில் கோடிப் பேரில் ஒருவராக இருக்கும் நீங்கள், அந்தச் சின்ன அறையில் பத்துப் பேரில் ஒருவர்.

ஒன்பதாம் படி: குடியுரிமைக்குத் தயாராகும்போது

கிரீன் கார்டு கிடைத்து ஐந்து ஆண்டுகள் ஆனபின், அமெரிக்கக் குடிமகனை மணந்து அவருடனே வாழ்ந்துவந்தால் மூன்று ஆண்டுகளில், குடியுரிமைக்கான என்-400 படிவம் போடலாம். அந்தக் காலம் முடிவதற்கு 90 நாள் முன்னதாகவே அனுப்பலாம். 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பின்னோ விண்ணப்பிப்பவர்களுக்குக் குடிமையியல் தேர்வில் 128 கேள்விகள் கொண்ட புதிய பட்டியல். வாய்மொழியாக 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொன்னால் தேர்ச்சி. மேலே சொன்னவற்றில் பாதிக்கு மேல் அதில் வரும். பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் கீழவை உறுப்பினர் யார், செனட்டர்கள் யார், கவர்னர் யார் என்று பெயர் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். அதுவும் கேள்விகளில் உண்டு. அதுவரை, வீடு மாறினால் 10 நாளுக்குள் குடியேற்ற அலுவலகத்துக்குப் புது முகவரியைத் தெரிவிப்பதை மறக்க வேண்டாம். தபால் நிலையத்தில் மாற்றினால் மட்டும் போதாது.

அதிபர், துணை அதிபர் பதவிகள் தவிர, மற்ற எல்லாப் பதவிக்கும் வழி திறந்தே இருக்கிறது. கீழவைக்கு 25 வயதும் ஏழாண்டுக் குடியுரிமையும், செனட்டுக்கு 30 வயதும் ஒன்பதாண்டுக் குடியுரிமையும் போதும். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2016-ல் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து கீழவைக்குத் தேர்வானார்.

உறுதிமொழி எடுத்து முடித்ததும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் பதிவைப் புதுப்பியுங்கள், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள், அதே வாரத்தில் வாக்காளராகப் பதிவு செய்யுங்கள். பதிவுக்கான கடைசி நாள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே முடிந்துவிடும், மினசோட்டாவில் தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியிலேயே பதியலாம். முதல் ஓட்டுக்கு நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். பல ஊர்களில் பள்ளி வாரியத் தேர்தலும் சிட்டி தேர்தலும் வசந்த காலத்தில் நடக்கின்றன, அதில் ஓட்டுப் போட வருபவர்கள் குறைவு. சில நூறு ஓட்டில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் அந்தத் தேர்தல் எப்போது என்று உங்கள் கவுன்டியின் தேர்தல் பக்கத்தில் இப்போதே பார்த்து வையுங்கள்.